காப்புக் கடலும் மீன்பிடித் தொழிலும்

கடலோரக் கிராமம் ஒன்றில் "இது பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி" என்னும் அறிவிப்புப் பலகை நடப்படும்போது, அதனைக் கண்ணுறும் மீனவர் முதலில் எழுப்பும் வினா, "யாரிடமிருந்து பாதுகாக்கிறீர்கள்?" என்பதே. வினா நியாயமானது. இச்சொற்றொடர் காப்பவர் ஒருவர், காக்கப்படும் பொருள் ஒன்று, விலக்கி நிறுத்தப்படுவோர் வேறு சிலர் என்னும் கருத்தையே தோற்றுவிக்கின்றது. தலைமுறை தலைமுறையாக அக்கடலில் வலை வீசி வந்தவர் தாமே விலக்கப்படுபவர் என்று எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. அரசாங்க அறிக்கைகளைத் தமிழில் ஆக்கும் பணியிலுள்ள எமக்கு இச்சொல் பன்முறை இடர் தந்ததுண்டு. இக்கட்டுரையில் அதனைச் சுருக்கமாகக் "காப்புக் கடல்" என்றே வழங்குவோம்.

கடலின் ஒரு பகுதியை மூடி வைத்தால் மீனவருக்கு நட்டம். திறந்து விட்டால் மீன்வளத்திற்கு நட்டம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்து முழுவதும் சரியன்று. தக்க இடத்தில், தக்க அளவில் மூடப்பட்ட கடல் தன்னை அடுத்துள்ள திறந்த கடலுக்கு மீனை வழங்கும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஆயின் அவ்வாறு வழங்குவதற்குச் சில நிபந்தனைகளும் உண்டு. மீனவரே அக்காப்பிற்கு உடன்பட்டிருத்தல் அவற்றுள் தலையாயது.

முதலில் மீனின் இயல்பைக் கவனிப்போம். நிலத்தில் வாழும் பாலூட்டிகள் ஒரு பருவம் வளர்ந்து பின் வளர்ச்சி நின்றுவிடுகின்றன. மீன்களிற் பெரும்பாலானவை அவ்வாறல்ல. ஆயுள் உள்ளவரை சிறிது சிறிதாக வளர்ந்துகொண்டே இருக்கின்றன. உடல் பெருகப் பெருக அவை இடும் முட்டைகளின் எண்ணிக்கை அதனினும் வேகமாகப் பெருகுகிறது. நம் சந்தைகளிற் சங்கரா என விற்கப்படும் மீனுக்கு உறவான செந்நிற ஸ்நாப்பர் மீன் மெக்சிக்கோ வளைகுடாவில் கிடைக்கிறது. அதில் 61 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே பெண்மீன் இடும் முட்டைகளுக்கு ஈடுகட்ட, 42 சென்டிமீட்டர் நீளமுள்ள 212 பெண்மீன்கள் வேண்டும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டுள்ளனர். எங்கும் வலையும் தூண்டிலும் ஓயாது இயங்கும் கடலில் முதலில் மறைவன இத்தகைய பெரிய மீன்களே. சிறியவை எஞ்சியிருப்பதால் கடலில் மீன் உள்ளது போலவே தோன்றும். விதைநெல்லை உண்டு தீர்த்துவிட்ட உண்மை சில ஆண்டுகள் கழித்தே புலப்படும்.

மூடிய பகுதியிற் பெரிய மீன்கள் சாகாமல் தங்குகின்றன. அவற்றால் வெளிக்கடலுக்கு வரும் பயன் இருவகைத்து. உள்ளே மீன் நெருக்கம் மிகும்போது அவற்றுட் சில இரையும் இடமும் தேடி எல்லையைக் கடந்து வெளிவருகின்றன. இது ஏரி நிரம்பி மறுகால் பாய்வது போன்றது. இப்பயன் எல்லையிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவுக்குள்ளேயே பெரும்பாலும் காணப்படும். மற்றது கண்ணுக்குப் புலனாகாதது: முட்டைகளும், அவற்றினின்று வெளிப்படும் குடம்பிகளும் நீரோட்டத்தில் மிதந்து பல கிலோமீட்டர் சென்று வேறிடங்களில் நிலைகொள்கின்றன. முந்தையதை மீனவர் தம் தூண்டிலிலேயே காண்பர். பிந்தையதை அவரிடம் எடுத்துரைத்தல் எளிதன்று.

சிருங்கேரியில் துங்கை நதியின் படித்துறையருகே மீன்கள் மனிதரைக் கண்டு அஞ்சாது திரள்வதைப் பார்த்தவர் பலர். கோயிலின் பொருட்டு அங்கு மீன்பிடித்தல் விலக்கப்பட்டுள்ளது. காப்பு என்னும் கருத்து நம் நாட்டுக்குப் புதிதன்று என்பதற்காக இதனைக் கூறினோம். ஆனால் காப்பினால் திறந்த நீரிற் பிடிப்பு உயருமா என்பதை அறிய, ஒரே இடத்தைக் காத்தும் காக்காமலும் அளந்து பார்த்தல் வேண்டும். அத்தகைய சோதனை பிலிப்பைன்ஸ் நாட்டில், யாரும் திட்டமிடாமலேயே நடந்தேறியது.

அந்நாட்டின் செபூ தீவுக்குத் தெற்கே சுமிலோன் என்னும் சிறு தீவு உள்ளது. அதனைச் சூழ்ந்த பவளப் பாறையின் ஏறத்தாழக் காற்பகுதியை, சில்லிமன் பல்கலைக்கழகத்தின் முயற்சியால், 1974ஆம் ஆண்டில் மூடினர். முன்னின்றவர் ஏஞ்சல் அல்காலா என்னும் உயிரியல் அறிஞர். எஞ்சிய முக்கால் பகுதியில் மீனவர் வழக்கம்போல் மீன்பிடித்தனர். அவர்தம் பிடிப்பு நிறுத்துக் குறிக்கப்பட்டது. பத்தாண்டுகள் கழிய, 1983-84இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 37 டன் மீன் கிடைத்தது. 1984இல் உள்ளூர் நிர்வாகத்தின் ஆதரவு நீங்கியதால் காப்பு முறிந்தது. மூடிய காற்பகுதியிலும் வலைகள் இறங்கின. மீன்பிடிக்கும் பரப்பு கூடியது. ஆகவே பிடிப்பும் கூடியிருத்தல் வேண்டும் அன்றோ? நிகழ்ந்தது வேறு. 1985-86இல் பிடிப்பு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20 டன்னாகக் குறைந்தது. முழுப் பாறையிலும் மீன்பிடித்துக் கிடைத்ததைவிட, காற்பகுதியை விட்டுவைத்து முக்காற்பகுதியிற் பிடித்தபோது மிகுதியாகக் கிடைத்தது என்பதே இதன் பொருள். ஆசிரியர்கள் வகுப்பில் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதி, "ஏன்?" என்று மாணாக்கரைக் கேட்கலாம்.

அருகிலுள்ள ஆப்போ தீவின் வரலாறு இதனினும் நமக்குப் பயன் தருவது. 74 ஹெக்டேர் பரப்பேயுள்ள அத்தீவில் வெடியாலும் சயனைடு நஞ்சாலும் மீன்பிடிக்கும் வழக்கம் பரவி, பிடிப்பு நலிந்திருந்தது. அல்காலாவும் அவருடைய தோழர்களும் 1979 முதல் அங்குச் சென்று பேசினர். தீவினர் நம்பவில்லை. கடலை மூடினால் மீன் பெருகும் என்று படித்தவர் சொல்வதை உழைப்பவர் எவ்வாறு உடனே நம்புவர்? பின்னர் மீனவர் சிலரைச் சுமிலோனுக்கு அழைத்துச் சென்று அங்குள்ள மீன்களைக் காட்டினர். பேச்சினால் ஆகாதது காட்சியினால் ஆயிற்று. 1982இல் 14 குடும்பங்கள் உடன்பட, கரையோரமாக 450 மீட்டர் நீளமுள்ள பகுதி மூடப்பட்டது. பாறை முழுவதையும் நோக்க அது பத்தில் ஒரு பங்களவே. முறைவைத்துக் காவல் காத்தவர்கள் தீவினரே. காப்பிடத்தில் மீன் பெருகக் கண்ட பின்னரே ஏனையோரும் இணங்கினர். வெடியும் நஞ்சும் தீவு முழுவதும் விலக்கப்பட்டன.

மூடிய பகுதியில் பாரை இன மீன்களும், சர்ஜன் மீன் என்னும் பாறை மீன் வகையும் ஏறத்தாழ 18 ஆண்டுகளில் மும்மடங்காயின. எல்லையை ஒட்டிய இடங்களில் தூண்டிலிடுவோருக்கு நல்ல பிடிப்புக் கிடைத்தது. இங்குக் கால அளவை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். 18 ஆண்டுகள் என்பது பல அதிகாரிகள் மாறிச் செல்லும் காலம். ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றின் முடிவில் "பயன் என்ன?" என்று கேட்டுக் காப்பினைக் கைவிட்டிருந்தால் பயன் தெரிந்திராது. கடலை மூடும் முதல் சில ஆண்டுகளில் மீனவர் இழப்பது உறுதி, பெறுவது ஐயத்துக்குரியது. அந்த இடைக்காலத்தை அக்குடும்பங்கள் எவ்வாறு கடக்கும் என்பதை எண்ணாமல் வகுக்கப்படும் திட்டம் எதுவும் காகிதத்தில்தான் நிற்கும்.

ஆப்போவின் கதை இடையூறு அற்றதன்று. 1994இல் தேசிய அரசாங்கம் அத்தீவையும் கடலையும் தன் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்து, நிர்வாகத்தை ஒரு குழுவிடம் ஒப்படைத்தது. தீர்மானிக்கும் உரிமை தம் கையைவிட்டுப் போயிற்று என்னும் குறை தீவினரிடையே எழுந்தது. 2011 டிசம்பரிலும் 2012 டிசம்பரிலும் வீசிய கடும்புயல்கள் மூடிய பகுதியின் பவளத்தையே பெரிதும் அழித்தன. வலையைத் தடுக்கும் எல்லைக்கோடு புயலைத் தடுக்காது. கடல்நீர் வெப்பமுற்றுப் பவளம் வெளுப்பதையும் தடுக்காது. காப்புக் கடலைப் பற்றிப் பேசுவோர் இவ்வரம்பினை மறைத்தல் தகாது. எல்லா மீனுக்கும் இம்முறை ஒன்றுபோலப் பொருந்துவதுமன்று. பாறையிடுக்கில் வாழும் களவாய், சிங்கி இறால், சங்கு போன்றவற்றைச் சிறு பரப்பினுள் காக்கலாம். நெடுந்தொலைவு அலையும் சூரை, வஞ்சிரம் முதலியவை சில சதுர கிலோமீட்டர் எல்லைக்குள் அடங்கியிரா.

இனி நம் நாட்டை நோக்குவோம். கடலை மூடியும் திறந்தும் பயன்கொள்ளும் முறையைத் தென்கரையினர் நெடுங்காலமாக அறிவர். தூத்துக்குடியின் முத்துப் பார்களில் எல்லா ஆண்டுகளிலும் சலாபம் நடந்ததில்லை. அதிகாரிகள் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து பார்த்து, முத்து முதிர்ந்தது என்று தேர்ந்த பின்னரே சலாபம் அறிவிக்கப்பட்டது. சங்கு குளிப்பிலும் குறித்த விட்டத்திற்குக் குறைந்த சங்குகளை மீண்டும் கடலில் விடும் வழக்கம் இருந்தது. இவற்றின் நோக்கம் பெரும்பாலும் அரசாங்க வருவாய். குளிப்பவரின் நலன் அன்று. மேலும், 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த சலாபங்களுக்குப் பின் இந்தியக் கரையிற் சலாபம் நடைபெறவேயில்லை. கட்டுப்பாடு ஒன்றே வளத்தை நிலைநிறுத்தும் என்று கொள்வதற்கில்லை.

அதே மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பினைக் கடல்சார் தேசியப் பூங்காவாகத் தமிழ்நாட்டரசு 1986இல் அறிவித்தது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகம் ஒன்று அதனைச் சூழ அமைந்தது. இத்தீவுகளின் ஓரங்களில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டைக் கோரை ஆகிய கடற்பாசிகளைச் சேகரித்துப் பிழைத்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கான பெண்கள். அகார், அல்ஜினேட் ஆகிய பொருள்களைச் செய்யும் ஆலைகளுக்கு இப்பாசி செல்கிறது. பூங்கா அறிவிக்கப்பட்டபின், முன்னர்த் தொழிலாக இருந்தது குற்றமாயிற்று. பாசி பறிப்பவரைப் பற்றி அன்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. மீனவர் என்றால் ஆண்மக்கள், மீன்பிடித்தல் என்றால் படகும் வலையும் என்ற எண்ணமே அதற்குக் காரணமாகலாம்.

பின்னாளில் இப்பெண்கள் கூடிப் பேசித் தமக்குத் தாமே சில விதிகளை வகுத்தனர். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி பறிப்பது. பாறையைச் சுரண்டும் உலோகக் கருவிகளைத் தவிர்த்துக் கையாற் பறிப்பது. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள கோடைக் காலத்தில் தாமும் நிறுத்தி வைப்பது. கையாற் பறிக்கும்போது பாசியின் அடிப்பகுதி பாறையிலேயே தங்கி மீண்டும் தழைக்கும். உலோகத்தாற் சுரண்டினால் வேரோடு பவளமும் பெயர்ந்து வரும். இதனைக் கண்டறிய அப்பெண்களுக்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை. அடுத்த மாதம் அதே பாறைக்குச் சென்றபோது அவர்களே கண்டனர்.

இதனோடு தொடர்புடைய மற்றொரு செய்தியும் உண்டு. தீவுகளுக்குச் செல்லாமல் பிழைக்க வழியாகக் கப்பாஃபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசியை மிதவைகளில் வளர்க்கும் தொழில் மண்டபம் பகுதியில் பரவியது. குடும்பங்களுக்கு அது வருவாயும் தந்தது. ஆயின் 2008இல் அப்பாசி குருசடைத் தீவின் பவளத்தின்மீது படர்ந்திருப்பதை ஆய்வாளர் கண்டு அறிவித்தனர். பவளத்தைக் காப்பதற்காக வகுத்த மாற்றுத் தொழிலே பவளத்தை மூடக்கூடும் என்பதை முன்கூட்டி எண்ணியவர் சிலரே.

காப்புக் கடல்கள் அனைத்தும் மீன்பெருக்கத்திற்காக ஏற்பட்டவை அல்ல என்பதையும் களப்பணியாளர் தெளிவாக உணர்தல் வேண்டும். ஒடிசாவின் கஹிர்மாதா சரணாலயம் 1997இல் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 1,435 சதுர கிலோமீட்டர். பங்குனி ஆமைகள் பல்லாயிரக்கணக்கில் ஒருங்கே கரையேறி முட்டையிடும் இடம் அது. தாம்ரா, தேவி, ருஷிகுல்யா ஆகிய ஆறுகளின் முகத்துவாரக் கடலில் நவம்பர் 1 முதல் மே 31 வரை, கரையிலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவுக்கு மீன்பிடித்தல் தடுக்கப்படுகிறது. ஏழு மாதங்கள்! ஆமைகள் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டியவை; இழுவலையில் நெடுநேரம் சிக்கினால் மூச்சுமுட்டி இறந்துவிடும். ஆமைகளைப் பெருமளவில் அழிப்பவை இழுவைப் படகுகள். ஆனால் தடையின் சுமை சிறு படகினர்மீதும் விழுகிறது. ஆமை பெருகுவதால் அவருடைய வலையில் மீன் பெருகப் போவதில்லை. இத்தகைய இடத்தில் "உங்கள் நன்மைக்கே மூடுகிறோம்" என்று கூறுதல் பொய்யாகும். நாட்டின் பொது நன்மைக்காக அவர் இழக்கிறார். ஆகவே நாடு அவருக்கு ஈடு செய்தல் வேண்டும். அவ்வகை உதவித்தொகை அங்குள்ள குடும்பங்களுக்கு வழங்கப்பட்டு வருவது இக்கருத்தினாலேயே.

பாக் நீரிணையில் 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டரசு அறிவித்த கடற்பசுக் காப்பகம் வேறு போக்குடையது. அதன் பரப்பு 448 சதுர கிலோமீட்டர். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரம் அமைந்தது. ஆவுளியா என்று மீனவர் வழங்கும் இவ்விலங்கு வலையிற் சிக்கும்போது, வலையை அறுத்து அதனை விடுவிப்பவர் மீனவரே. அவர்களுக்குப் பாராட்டும் பரிசுத் தொகையும் அளிக்கப்படுகின்றன. அறுபட்ட வலையின் விலை என்னவென்று அறிந்தவர்க்கே அச்செயலின் அருமை விளங்கும்.

சட்டம் இதுபற்றி என்ன கூறுகிறது? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் சேர்க்கப்பட்ட 26-ஏ பிரிவு, ஆட்சிக்குட்பட்ட கடலைச் சரணாலயத்திற் சேர்க்குமிடத்து, உள்ளூர் மீனவரின் தொழில் நலன்களைக் காக்கப் போதிய நடவடிக்கைகளை எடுத்த பின்னரே அதன் எல்லையை வரையறுத்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. முதலில் நலன், பின்னர் எல்லை என்பதே சட்டத்தின் வரிசை. நடைமுறையில் இவ்வரிசை பல இடங்களில் தலைகீழாகிவிடுகிறது என்பதைக் களத்தில் உள்ளோர் அறிவர்.

இடத்தை மூடுவதற்குப் பதிலாகக் காலத்தை மூடும் முறையும் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்குள்ள 61 நாள் தடையை யாவரும் அறிவர். இதனினும் நுணுக்கமானது கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், அஷ்டமுடிக் காயலில் உள்ள சிறுசிப்பித் தொழில். ஏற்றுமதி வேட்கையால் 1990களின் தொடக்கத்திற் சிப்பி குன்றியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனைப்படி, சிப்பி இனம்பெருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பு நிறுத்தப்பட்டது. வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறைதல் கூடாதென விதிக்கப்பட்டது. ஏற்றுமதியாகும் சிப்பியிறைச்சிக்கும் ஓர் அளவு குறிக்கப்பட்டது: ஒரு கிலோவுக்கு 1,400 எண்ணிக்கைக்கு மேற்படலாகாது. இவ்விதியின் சிறப்பு யாதெனில், காவற்படகு இல்லாமலேயே அது இயங்கும். மிகச் சிறிய சிப்பியை வாங்குவார் இல்லையெனில் அதனை எடுப்பாரும் இலர். வளம் மீண்டது. 2014இல் இத்தொழில், நிலைத்த மீன்வளத்திற்கான சர்வதேசச் சான்றிதழை இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது.

களப்பணியாளர் கவனத்திற்கு ஒரு செய்தி. காப்பெல்லைகளை அரசிதழ் அட்சரேகை, தீர்க்கரேகைகளாகவே குறிக்கும். அத்தகைய அறிவிப்பொன்றை ஒருமுறை பிழையறத் தமிழாக்கிவிட்டதாக நாம் மனநிறைவு கொண்டிருந்தோம். அதனைக் கேட்ட முதியவர் ஒருவர், "கோபுரத்துக்கு நேரே எத்தனை பாகம் தண்ணீர் வரைக்கும், ஐயா?" என்று வினவினார். எம்மிடம் விடையில்லை. விசைப்படகுகளில் இருப்பிடங்காட்டும் கருவிகள் இன்று உள்ளன எனினும், எல்லையோரம் தொழில்செய்யும் சிறு வள்ளத்தினர் பலர் கரையிலுள்ள கோபுரம், கலங்கரை விளக்கம், பனந்தோப்பு ஆகியவற்றை நேர்வைத்தும், ஆழத்தைப் பாகக் கணக்கில் அளந்துமே இடம் அறிகின்றனர். ஆகவே அரசிதழின் எண்களை ஊரின் அடையாளங்களாக மாற்றி, ஊரார் முன்னிலையிற் படித்துக் காட்டி, எல்லையில் மிதவைகள் இடுதல் நன்று. மிதவை அறுந்துபோனால் அன்றே அறிவிக்குமாறு மீனவரையே கேட்டுக்கொள்ளலாம்.

மூடுவதற்கு ஓராண்டு முன்பிருந்தே பிடிப்புக் கணக்கைத் தொடங்குதல் வேண்டும். சுமிலோனில் முன்னும் பின்னும் எண்கள் இருந்தமையாலேயே உண்மை தெரிந்தது. மீன்களின் நிறையோடு நீளத்தையும் குறித்தல் அவசியம். பெரிய மீன்கள் திரும்பி வருவதை நிறை உடனே காட்டாது, நீளம் காட்டும்.

கரையோரப் பள்ளி ஆசிரியர்கள் இவ்வேலையிற் பங்கு பெறலாம். ஓர் அளவுகோல், ஒரு நோட்டுப் புத்தகம், வாரத்தில் ஒரு காலைப்பொழுது ஆகியவை போதும். மாணாக்கர் இறங்குதளத்திற்குச் சென்று, மீனவரின் அனுமதியோடு, ஒரு கூடையில் இருபது மீன்களை மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்து எழுதட்டும். கேரள அரசு சாளைக்கு 10 சென்டிமீட்டரும், அயிலை எனப்படும் கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டரும் குறைந்தபட்ச நீளமாக விதித்துள்ளது. தம் கூடையில் எத்தனை மீன்கள் அவ்வளவுக்குக் குறைந்தவை என்று மாணாக்கர் எண்ணி, பிடித்த நாள், வலையின் வகை, பிடித்த இடத்திற்கு ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றையும் அருகிற் குறிக்கலாம். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இப்பெயர்களை ஆசிரியரினும் நன்கறிவர்.